பூரணியின் முழங்கை

“தூக்கத்துல மூச்சு கொறஞ்சா, மூளை தானாவே அடுத்த மூச்ச பலமா இழுக்க வைக்கும். ஒங்க புள்ளையோட மூளை அதச் செய்யல. இது பெத்தவங்க வழியாவும் வர்ற கோளாறு. வீட்ல யாருக்காவது தூக்கத்துல மூச்சு நிக்குமா?” என்று கேட்டார் டொக்டர் அம்மா.

பூரணிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிறந்ததிலிருந்து குழந்தை மூச்சு மெஷினோடு கிடக்கிறது; இப்போது பரம்பரையையும் இழுக்கிறார்களா?

“எங்க வீட்ல அப்படி யாரும் இல்லைங்க!”

பூண்டுலோயாவிலிருந்து முதல் பஸ்ஸில் கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அவள் கணவன் லோஜன், பக்கத்து நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். குறட்டை பட்டென்று நின்றது. பேச்சோடு பேச்சாக அவள் முழங்கை அவன் விலாவில் ஓர் இடி இடித்தது. தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவனைப் போல அவன் மூச்சை வாரி இழுத்தான்.

“இப்ப ஏன் அவர இடிச்சீங்க?” என்றார் டொக்டர் அம்மா.

“கொறட்ட நின்னா இடிப்பேங்க. கல்யாணம் கட்டுனதுலருந்தே பழக்கம்...”

யாருடையதோ போலத் தன் முழங்கையையே வெறித்துப் பார்த்தாள். பிறகு அவனைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏங்க, நான் இங்கயே கெடக்கேனே, தோட்டத்து லயத்து வீட்டுல ஒங்கள யாரு எழுப்புறா?”

லோஜன் கூச்சத்தோடு சிரித்தான். “பக்கத்துக் காம்பரா றோலண்ட் அண்ணன்தான். என் சத்தம் நின்னா பயந்துபோயி செவுத்துல இடிப்பாரு. இன்னைக்கு என்கூடதான் பஸ்ல வந்தாரு, கொழும்புல வேல கெடைச்சிருச்சாம். இனிமே நான் ராவுல நிம்மதியாத் தூங்கலாம்.”