குளிப்பாட்டியவர் சொல்லாதது

முனாபின் குடலிறக்கத்துக்குப் பட்டினத்து ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை ஓப்பரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். முதல்நாள், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் அருளம்பலம் வழக்கமான கேள்விகளைக் கேட்டபோது, சங்கெடுக்க மூழ்கிவிட்டு வந்து இரண்டு தடவை தோணிக்குள் மயங்கி விழுந்ததை அவன் போகிற போக்கில் சொன்னான். டொக்டர் இதயத்துடிப்பைப் பதிய வைத்தார். இரத்தத்தைச் சோதித்துவிட்டு மறுநாள் இன்னொரு தடவையும் பதிய வைத்தார். பிறகு ஓப்பரேஷனை நிறுத்தினார். 1979ஆம் ஆண்டு. முனாபுக்கு வயது முப்பத்தொன்று; வீட்டில் கைக்குழந்தை ஒன்று.

கோடுகள் ஓடிய நீளக் கடதாசியைக் கட்டிலில் விரித்து டொக்டர் விளக்கினார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்ததற்கு ஆயத்தமாக எடுக்கும் நேரம் அவனுக்கு அளவுக்கு மீறி நீண்டிருந்தது. நீந்தும்போதோ திடுக்கிடும்போதோ அது தாளம் தப்பி நின்றுவிடலாம். மயக்க மருந்திலும் ஆபத்து. இது பிறப்போடு வருவது.

"உங்கட குடும்பத்தில இளவயசில திடீரெண்டு செத்தவை ஆரும் இருக்கினமோ, தம்பி?"

நெஞ்சு வருத்தம் தங்கள் ஆட்கள் ஒருவருக்கும் இல்லை என்றான் முனாப். வாப்பாவும், பிறகு தனக்கு மூத்தவரான காக்கா ஸஹாப்தீனும் கடலில் மூழ்கி மவுத்தானவர்கள்.

"நீந்தத் தெரியாதவையோ?"

முனாபுக்குச் சிரிப்பு வந்தது. "எங்கட வாப்பாக்கு நீந்தத் தெரியாதெண்டா மீனுக்கும் தெரியாது ஐயா."

டொக்டர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முனாபின் சிரிப்பும் நின்றது. காக்கா போனது இடுப்பளவு தண்ணீரில். அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று டொக்டர் கேட்டார். ஸுல்பிகா என்று ஒரு மகள் இருந்தாள், வயது பன்னிரண்டு. அவளையும் கட்டாயம் சோதிக்க வேண்டும், அதுவரை தண்ணீரில் இறக்க வேண்டாம் என்றார்.

வெள்ளிக்கிழமை முனாப் துறை கடந்து கிண்ணியாவுக்கு வந்தான். ஸுல்பிகாவை வளர்ப்பது அவனுடைய உம்மா உம்மு குல்சும். சுகமாக ஓடித்திரியும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. குமராகப் போகிறவளுக்கு நெஞ்சு வருத்தம் என்று ஊர் கதைத்தால் நாளை யார் கல்யாணம் கேட்டு வருவார்கள் என்றாள். கடலில் மூழ்கிப் போனவர்களுக்கு அல்லாஹ்விடத்தில் ஷஹீதுடைய, உயிர்த்தியாகியுடைய பதவி. அதை நோய் என்று சொல்ல டொக்டர் யார் என்றும் கேட்டாள். வாப்பா போனதிலிருந்து பதினெட்டு வருடங்களாக அவளைத் தாங்கியது அந்தப் பதவிதான்.

முனாப் மாமாவைக் கூட்டி வந்தான். உம்மாவின் தம்பியான கலீலுர் றஹ்மான்தான் அடக்கத்துக்கு முன் இரண்டு மையத்துகளையும் குளிப்பாட்டியவர். குளிப்பாட்டும்போது வயிற்றை மெதுவாக அழுத்திவிடுவது முறை. மூழ்கியவர்களாக இருந்தால் வாயால் தண்ணீர் வந்திருக்குமே, வந்ததா என்று முனாப் கேட்டான்.

மாமா கதிரையில் உட்காராமல் நின்றார். "குளிப்பாட்டினவன் மையத்தில கண்டதை வெளியில கதைக்கிறதில்ல மகன். அது நம்பி ஒப்படைச்ச அமானிதம்."

"ஸுல்பிகாட உசிரும் அமானிதந்தானே மாமா."

அவர் குசினிக் கதவைப் பார்த்தார். அங்கே உம்மா நின்றாள்.

"வரல்ல," என்றார். "மச்சானுக்கும் வரல்ல, ஸஹாப்தீனுக்கும் வரல்ல. ஒரு சொட்டும் இல்ல."

அதை மட்டும் வைத்து உறுதி சொல்ல ஏலாது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். உம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அப்படியென்றால் அவர்களுக்கு அந்தப் பதவி இல்லையா என்று முதலில் கேட்டாள். அது அல்லாஹ்வின் கணக்கு என்றார் மாமா. அவள் நிலத்தில் உட்கார்ந்தாள். பிறகுதான் மற்றக் கேள்வி வந்தது.

"அவர்ர வயித்தில தண்ணி இல்லையெண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா, என்ட மகனை நான் கடலுக்கு விட்டிருப்பனா, தம்பி?"

அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் அதன் அர்த்தம் கிண்ணியாவில் ஒருவருக்கும் விளங்கியிராது. முனாபுக்கு அது தெரியும். ஆனால் உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை நால்வரும் பட்டினத்துக்குப் போனார்கள். துறையில் உம்மா ஸுல்பிகாவை ஓரத்தில் நிற்கவிடாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தான் நல்லாய் நீந்துவேன் என்று ஸுல்பிகா முறைப்பட்டாள். மாமா தள்ளி நின்றார்; மூன்று நாளாக உம்மா அவரோடு பேசியிருக்கவில்லை.

டொக்டர் அருளம்பலம் ஸுல்பிகாவின் கடதாசியை முனாபினுடையதற்குக் கீழே வைத்து அளந்தார். இரண்டாம் முறையும் அளந்தார். நாளாந்தம் குளிசை, கடலும் ஓட்டமும் இல்லை, முனாபின் ஓப்பரேஷன் கொழும்பில் ஆயத்தங்களோடு நடக்கட்டும் என்றார். இப்பவே தெரிந்தது நல்லது என்றும் சொன்னார். முனாபின் கைக்குழந்தையையும் கொண்டுவரச் சொன்னார்.

உம்மா வெளியே வந்தாள். வராந்தா வாங்கில் மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அவளுக்கும் இருக்காம்," என்றாள்.