வடகிழக்கில் தண்ணீர்

தாமரைச்செல்வி யுனிவர்சிட்டியில் கணக்கீட்டுக் கணிதம் படிப்பதை, கணவன் நஞ்சுண்டன் எல்லோரிடமும் "ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ்" என்றே சொல்லிவந்தான். பேர்லேண்ட் புறநகரில் அவன் வாங்க ஆசைப்பட்ட புது வீட்டைச் சுற்றி மழைவெள்ளம் எப்படி ஓடும் என்று அவள் தன் ப்ராஜெக்டில் கணக்கிட்டு, வீடு நனையாது என்று படம் காட்டிய அன்றுதான் படிப்புக்கு மரியாதை வந்தது. "என் வொய்ஃப் சயின்டிஸ்ட்" என்று படத்தை வாட்ஸாப்பில் பரப்பினான்.

அந்தப் புகழ் இனித்தது. அதனால்தான் அடுத்த வேலையை அவள் ஒத்திப்போட்டாள். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கு. கட்டங்களைச் சின்னதாக்கி மறுபடி போட்டும் விடை மாறாவிட்டால்தான் நம்பலாம். முதல் வாரத்துப் பாடம் இது. கடைசியில் போட்டுப் பார்த்தாள். பெரிய கட்டத்தின் சராசரியில் காணாமல் போயிருந்த, வீட்டையொட்டிய குளத்துக் கரையின் தாழ்ந்த இடமொன்று தலைகாட்டியது. தண்ணீர் அதன் வழியே நேராகப் பூஜையறைக்கு வந்தது.

"ஏனுங்க, வீட்டுக்குள்ள தண்ணி வருதுங்க."

"இன்னும் சின்னதாக்கு. காஞ்சிரும்."

ஆக்கினாள். காயவில்லை.

"அப்ப பழையபடி பெருசாவே இருக்கட்டும் அம்மிணி. நாளைக்கு அங்கிள் வீட்டு லஞ்ச்ல எல்லாருக்கும் காட்டணும். மண்டே சைன் பண்றோம்."

மறுநாள் காரில், பெரிய கட்டமும் ஒரு கணக்குதானே என்று அவள் மனம் வாதாடத் தொடங்கியது. எவ்வளவு சரளமான வாதம்! 'சயின்டிஸ்ட்' என்ற ஒற்றைச் சொல்லுக்கா இத்தனை பல்லிளிப்பு என்று அவளுக்கே கூசியது.

வீட்டுத் தரகரும் வாஸ்து நிபுணருமான கஸ்தூரிரங்கன் அங்கிள், டிவியில் படம் வருவதற்குள் முழங்கினார்: "வடகிழக்குல குளம்! ஈசான்யத்துல தண்ணி ஐஸ்வர்யம்மா."

அவள் புதுப் படத்தைப் போட்டாள். "ரெண்டடி ஐஸ்வர்யம் உள்ளயே வருதுங்க அங்கிள்."

விருந்துக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தோழி அமலி தட்டோடு எழுந்து வந்தாள். "செல்வி, உன் பழைய படத்தப் பாத்துத்தான் நாங்க பக்கத்து வீட்ட புக் பண்ணோம். எங்களுது எது?"

செல்வி விரலை வைத்த இடம் இன்னும் ஆழமான தண்ணீரில், கருநீலமாக இருந்தது. "நான் அப்பவே செக் பண்ணியிருக்கணும்க்கா. வேண்டாம்னு சொல்லிருங்க."

அங்கிள் ரிமோட்டைத் தேடினார்.

திரும்பும்போது கார் ஃப்ரீவே ஏறியது.

"மண்டே லீவ கேன்சல் பண்ணிர்றேன்" என்றான் நஞ்சுண்டன். "யாராச்சும் கேட்டா, நீ கம்ப்யூட்டர் கோர்ஸ்தான் படிக்கறே."