முற்றுப்புள்ளி வைத்தவள்

சலவை ஆலையில் அவளுக்கு டீச்சரம்மா என்று பட்டம். பள்ளிக்கூடத்தில் அவள் கூட்டக்கூடப் போனதில்லை. பிணக்கனம் கனக்கிற ஈர விரிப்புகளை மெஷினிலிருந்து உருவிப் போடுவதுதான் வேலை. ஆலையின் வாட்ஸ்அப் குரூப்பில் மற்றவர்கள் “வரல லேட்டு பஸ்” என்று முடித்துக்கொள்ள, அவள் மட்டும் கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வைத்து முழு வாக்கியமாக எழுதுவாள்.

“என்ன டீச்சரம்மா, எங்க பேப்பரையும் திருத்துவீங்களா?” என்பார்கள்.

“திருத்தற மாதிரியா எழுதறீங்க?” என்பாள். பேச்சில் ஆளாளுக்குக் குறுக்கே விழுந்து வெட்டுவார்கள். எழுத்தில் அவள் நிறுத்துகிற இடத்தில்தான் நிற்கும். அதனால் அவளுக்கு அது பிடிக்கும்.

இப்போது அதுவே வினையாக வந்து நின்றது.

இஸ்திரி உருளையில் மாட்டி, கூட வேலை பார்க்கும் சின்னக்காவின் விரல்கள் வெந்துபோயின. அவள் கவனக்குறைவு என்று கம்பெனி கைகழுவிவிட்டது. உருளைக்கு முன்னால் இருந்த தடுப்புக் கம்பியைக் கழற்றி மாதக்கணக்காகிறது என்று டீச்சரம்மா பெயர் போடாமல் ஃபேஸ்புக்கில் எழுதினாள். ஊரே பார்த்துவிட்டது.

சூப்பர்வைசர் எல்லோரையும் மடிப்பு மேசையைச் சுற்றி நிற்கவைத்தார்.

“இத எழுதினது யாரோ, அழகா புள்ளி வச்சு எழுதியிருக்கு. எல்லாரும் ஃபோன எடுங்க. கம்பெனியப் பத்தி நாலு வரி குரூப்புல போடுங்க. யாரு கைன்னு நான் பாத்துக்கறேன்.”

பக்கத்தில் நின்றவளுக்குக் கட்டைக்குரல் என்று பட்டம். ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற தொண்டை. அன்று எப்படியோ அடக்கிக்கொண்டு டீச்சரம்மாவின் விலாவில் இடித்தாள்.

“அடியே, புள்ளி கிள்ளி வச்சுத் தொலைக்காத. எங்கள மாதிரி கன்னாபின்னான்னு எழுதிட்டுப் போ. முதுகு போய்ப் படுத்திருக்கற உன் மனுஷன நெனச்சுக்க.”

நினைத்தாள். அவன் மருந்தும் பிள்ளைகள் சோறும் இந்த வேலையில்தான் தொங்கின. ‘கம்பனி நல்லாருக்கு எல்லாம் ஓகே’ என்று தட்டினாள். அனுப்பினால் தப்பித்தாள். படித்துப் பார்த்தாள். எவளோ கழற்றிப்போட்ட அழுக்குத் துணியை உடுத்திக்கொண்டது போலக் கூசியது.

அழித்தாள். வேறு எழுதி அனுப்பினாள். மேசையைச் சுற்றி எல்லா ஃபோன்களும் ஒருசேரச் சிணுங்கின.

“உருளையின் தடுப்புக் கம்பி கழற்றப்பட்டிருக்கிறது. அது இருந்திருந்தால், சின்னக்காவின் கை வெந்திருக்காது. ஃபேஸ்புக்கில் எழுதியது நான்தான்.”

சூப்பர்வைசர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “திமிரப் பாரேன். ஒரு தப்பில்லாம எழுதியிருக்கா!”

“தப்பு மெஷின்ல இருக்கு சார்.”

“வெளிய போடி! நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் தலை காட்டாத.”

திடீரென்று கட்டைக்குரல் தன் சொந்தக் குரலுக்குத் திரும்பினாள்.

“அரைகுறையா எழுதியிருக்கியேடி! கம்பிய யாரு கழட்டச் சொன்னதுன்னு எழுத வேணாமா? துணி வேகமா ஓடணும்னு இவருதான் நின்னு கழட்ட வச்சாரு. ஸ்பேனர் புடிச்சது நானு. என்னையும் சேத்தே எழுது!”

டீச்சரம்மா மறுபடியும் தட்ட ஆரம்பித்தாள்.

“வெளிய போன்னு சொன்னேன்ல?”

“இருங்க சார்,” என்றாள், ஃபோனிலிருந்து தலை நிமிராமல். “வாக்கியம் இன்னும் முடியல.”