கங்கம்மாள் வீட்டில் அறைகள் வந்த விதம்

வடக்குப்பட்டில் பேராசிரியர் கங்கம்மாள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் ஒரே இரவில் பல்லவர் காலத்து அறை ஒன்று வந்து சேர்ந்ததற்குக் காரணம், பாண்டிச்செல்விக்கு அம்மை போட்டிருந்ததுதான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்கு வந்த பெண் அவள். உடம்பில் கொப்புளம் கண்டதும் ஹாஸ்டலில் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார்கள். ஊருக்குப் போகலாமென்றால் பஸ்ஸில் ஏற்றவில்லை. நிறுத்தத்தில் பெட்டிமேல் சுருண்டு கிடந்தவளை, ரேஷன் வாங்கப் போன கங்கம்மாள் பார்த்து ஆட்டோவில் கூட்டிவந்தார். காஞ்சிபுரத்தில் கல்லூரியில் ஆயுசில் பாதியை வரலாறு கற்பித்தே கழித்து, ஓய்வு பெற்றதும் பிறந்த ஊருக்குத் திரும்பித் தம்பி நடேசனோடு இருந்தவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ள நேரமில்லை என்பார். மாணவிகளுக்கு ரத்தம் வேண்டுமா, பிரசவத்துக்குத் துணை வேண்டுமா, வீட்டில் பேசிப் படிக்கவைக்க ஆள் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவர்தான் போயாக வேண்டியிருந்தது.

வீட்டில் இருந்தது இரண்டே அறை. நடேசன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னாக்கா நீ, ரோட்ல கீற அம்மைய எல்லாம் வூட்டுக்கு இட்டுகினு வர்றே? எங்க படுக்க வெப்பே?"

"எடம் வரும்டா" என்றார் கங்கம்மாள்.

விடிந்தபோது சமையலறைச் சுவரில் ஒரு வாசல் இருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் கம்பெனி பஸ்கள் நிற்கிற மைதானம்தான் உண்டு. பஸ்கள் வழக்கம்போல் நின்றன, அறையும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வீடு ஒரு சாண்கூட வளர்ந்திருக்கவில்லை. கங்கம்மாள் அகலமான தட்டைச் செங்கல்லை விரலால் தேய்த்துப் பார்த்து, "ஆயிரத்து முந்நூறு வருஷம் இருக்கும்" என்று கத்தரிக்காய் விலை சொல்வதுபோல் சொல்லிவிட்டு, வேப்பிலை செருகிப் பாய் விரித்தார்.

"நல்லா காத்து வருது டீச்சர்" என்றாள் பாண்டிச்செல்வி.

அதற்குப் பிறகு போக்கிடம் இல்லாமல் யார் வந்தாலும் வீடு அதன் பாட்டுக்கு ஓர் அறை கொடுத்தது. மாரிசெல்வமும் கவியாவும் வீட்டாருக்குப் பயந்து ஓடிவந்த வாரம் விஜயநகரத் தூண்களோடு ஒரு கூடம் வந்தது. பிள்ளை பிறந்ததும் யாளிகளின் தலையில் துணி காயப்போட்டார்கள். மெஷினில் விரல் போன மாரிமுத்துவுக்கு வெள்ளைக்காரக் கும்பினி காலத்து அறை. ஜன்னலைத் திறந்தால் குதிரைச் சாண வாடை அடித்ததால் அவன் அதை மூடியே வைத்தான். நிறைமாதத்தில் புருஷன் விட்டுப்போன ரஞ்சனிக்குக் கிடைத்ததுதான் எல்லாவற்றிலும் பழையது. வெறும் செம்மண் தரை, மூலையில் கற்கோடரிகள். அதில் ஒன்றை எடுத்து அவள் பனைவெல்லம் உடைத்துக்கொண்டிருந்தபோது, "பாத்து உடைம்மா, ரொம்ப வயசானது" என்றார் கங்கம்மாள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களோடு சாயங்காலம் உட்கார்ந்து பேசுவார். ராஜாக்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ராஜாவின் ஏரியை வெட்டியவர்கள் எங்கே தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதில்தான் அவருக்கு அக்கறை.

அவருடைய பழைய மாணவர் ஆறுமுகநயினார் தொல்லியல் துறையில் அதிகாரி. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர், கை கழுவச் சமையலறைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார். பல்லவர் அறையின் நிலைக்கல்லில், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில், கல்வெட்டு இருந்தது. கங்கம்மாள் இளவயதில் ஞாயிறுதோறும் ஏரிக்கரைகளில் அலைந்தது அப்படி ஒன்றுக்காகத்தான். கிடைத்ததெல்லாம் துவைக்கிற கல். நயினார் கை கழுவுவதை மறந்தார்.

"அம்மா, இது வெளிய தெரிஞ்சா உங்க பேரு பாடப்புத்தகத்துல வரும்மா. ஆனா எல்லாரையும் காலி பண்ணிட்டு சீல் வெக்கணும்."

கங்கம்மாள் எழுத்துகளின்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றார். "நாளைக்கு வாப்பா" என்றார். அன்று சாயங்காலம் பேச்சு நடக்கவில்லை. கல்லுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தவரை நடேசன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, அழுவுறியா?"

"சுண்ணாம்பு கண்ல பட்டுட்டுதுடா."

மறுநாள் நயினாரை வாசலிலேயே நிறுத்தினார். "உள்ள ரஞ்சனி கொழந்தை தூங்குதுப்பா. முழிச்சதும் பேசிக்கலாம்."

ரஞ்சனியின் குழந்தை விழித்தபோது கவியாவின் குழந்தை தூங்கியது. அது வளர்ந்து பள்ளிக்கூடம் போனபோது வேறொன்று தூங்கியது. அந்த வீட்டில் ஏதாவது ஒரு குழந்தை எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. நயினார் பொங்கலுக்குப் பொங்கல் வந்து, "முழிச்சிடுச்சாம்மா?" என்று ரகசியக் குரலில் கேட்டு, பிஸ்கட் பாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போவார். சில வருடங்களில் கேட்பதை விட்டுவிட்டார். பிஸ்கட் மட்டும் வந்தது.

சென்ற சித்திரையில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதே கங்கம்மாள் இறந்தார். அவரிடம் தங்கிப் போனவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக ஊருக்குள் திரும்பின. அன்று பல கம்பெனிகளில் லைன் பாதியில் நின்றது. அறைகள் போய்விடுமோ என்று, அக்காவை எடுக்கிறவரை நடேசன் சமையலறைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டே நின்றார். அவை போகவில்லை. ஆனால் புதிதாக ஒன்றும் வரவுமில்லை. "அக்காவோட போயிட்ச்சு" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில், சிங்கப்பெருமாள் கோவிலில் ஒற்றை அறையில் புருஷனோடு குடியிருந்த பாண்டிச்செல்வி, தன் லைனில் வேலை பார்க்கும் ஒடிசாப் பெண்ணைக் காய்ச்சலோடு அந்த அறைக்கே கூட்டிவந்தாள். அவள் அப்போது சூப்பர்வைசர். காலையில் நடேசனுக்குப் போன் செய்தாள்.

"மாமா, அடுப்பு பக்கத்துல ஒரு ரூம் வந்திருக்கு. பழைய செங்கல்லெல்லாம் இல்ல. காலேஜ் கிளாஸ் மாதிரி இருக்கு. பெஞ்சு கெடக்கு, கரும்பலகை இருக்கு. அதுல பாதி அழிஞ்ச எழுத்து, நம்ம டீச்சர் எழுத்து மாதிரியே இருக்கு மாமா."

நடேசன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அது எங்க அக்கா காலத்து ரூம்புமா" என்றார். "அழிக்காத. பெஞ்ச நவுத்திட்டு அந்தப் பொண்ண படுக்க வை."

அதன்பின் வல்லத்தில் ஒன்று, ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ் மாடியில் ஒன்று என்று, யாராவது போக்கிடம் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்கிற இடங்களில் அறைகள் வந்துகொண்டிருக்கின்றன. இப்போது அந்தப் பக்கம் வாடகைக்கு விடுகிறவர்கள் நிபந்தனைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்: தண்ணீர் காலையில் மட்டும், வாசலில் வண்டி கழுவக் கூடாது, ரூம் முளைத்தால் பெருக்குவது குடியிருப்பவர் பொறுப்பு.