பத்து மூச்சு

அந்தக் குடிநோய் மறுவாழ்வு இல்லத்தில் யாருக்கும் பேர் கிடையாது, தொழில்தான் பேர். நம்ம ஆளை வெல்டர் என்பார்கள். காலையில் மன அமைதி வகுப்பு எடுக்கிற அம்மாளுக்கு மூச்சு மேடம். வந்த புதிதில், "நாப்பது வருஷமா விடாம மூச்சு விட்டுட்டுதானே இருக்கேன், இதுக்கு ஒரு டீச்சரா?" என்று கிண்டலடித்தவன்தான் வெல்டர். ஆனால் எழுபது நாளில் அவனைப்போல் சிரத்தையாகச் செய்தவன் அங்கே ஒருத்தனும் இல்லை.

மேடத்தின் சட்டம் இதுதான்: கோபமோ குடிக்கிற ஆசையோ தலைதூக்கினால் வாயைத் திறக்கக் கூடாது. கண்ணை மூடிப் பத்து மூச்சு எண்ண வேண்டும். நடுவில் மனசு எங்கேயாவது ஓடினால் மறுபடி ஒன்றிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வந்தாள். மேஜைமேல் ஒப்புதல் படிவம். அவள் கையெழுத்துப் போட்டால்தான் அவனை வீட்டுக்கு அனுப்புவார்கள். அவனுக்கோ உலகத்தில் வேறொன்றும் வேண்டாம்.

பேனாவை எடுத்தவள் மூடியைத் திறக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்குப் பொண்ணுக்கு ஜுரத்துல தூக்கித் தூக்கிப் போட்டப்போ, உங்க ரூம் கதவத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேனே, காதுல விழுந்துதா இல்லியா?"

விழுந்தது. போதையிலும் நன்றாகவே விழுந்தது. எழுந்திருக்க மனசில்லாமல் கிடந்தான், படுபாவி. நினைவே இல்லை என்றுதான் இதுவரை சாதித்திருந்தான். 'எப்பப் பாரு இதே பாட்டா?' என்ற பழைய கத்தல் தொண்டைவரை வந்துவிட்டது. பயந்துபோய்க் கண்ணை மூடினான்.

ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் மகள் முகம் வந்தது. மனசு ஓடிவிட்டதே! யோக்கியமாக ஒன்றுக்குத் திரும்பினான். ஏழில் கதவு தட்டுகிற சத்தம். திரும்பவும் ஒன்று.

"கேட்டேன்ல?" என்றாள். எட்டுவரை வந்திருந்தான், அதுவும் போச்சு.

"இதேதான்! நான் கத்துவேன், நீங்க கண்ண மூடிட்டுக் கிடப்பீங்க. பதினஞ்சு வருஷமா இதத்தானே பாக்கறேன். இதக் கத்துக்கவா இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

நாற்காலி நகர்ந்தது. அட மனுஷா, அப்போதாவது கண்ணைத் திறக்கக் கூடாதா? ஐந்தில் இருந்தான். விட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டுமே என்ற பயம்.

பத்து முடிந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"விழுந்துச்சு. வேணும்னேதான் எந்திரிக்கல. தப்பு என்மேலதான்," என்றான். அவளிடம் அவன் சொன்ன முதல் உண்மை அது.

எதிர் நாற்காலி காலி. படிவத்தின்மேல் பேனா, மூடி திறக்காமலே கிடந்தது. எழுந்து ஓடினான். உள்ளே இருப்பவர்கள் தாண்டக் கூடாத கம்பிக் கதவு வரைக்கும்தான் ஓட முடிந்தது. அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்த மூச்சு மேடம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"சபாஷ்! அவங்க அவ்வளவு கொதிச்சாங்க, நீங்க ஒரு வார்த்தை திருப்பிப் பேசலியே!"

சுவரில் தொங்கிய அட்டையில் 'வெல்டர்' என்பதற்கு நேரே ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். அந்த வாரம் வேறு யாருக்கும் நட்சத்திரம் கிடைக்கவில்லை.