சூரியனும் நிலாவும் போட்ட தாள்

நாலு வயது வாலு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டிருந்தாள். சொறிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. பதினைந்து நாளைக்கு முன்பு கரப்பான் புண் கைகளில் மட்டும்தான் இருந்தது. இன்று கழுத்துக்கும் ஏறியிருந்தது.

"அம்மாவுக்கு அக்கறையே இல்ல. ஒரு வாரத்துல அடங்கலேன்னா வார்டுல சேர்த்துடுங்க" என்று நர்சிடம் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

நர்சுக்குச் சுருக்கென்றது. போன முறை களிம்போடு, படிக்கத் தெரியாதவர்களுக்காக அவளே படம் வரைந்த தாளையும் கொடுத்திருந்தாள். சூரியன், பக்கத்தில் களிம்பு டியூப். நிலா, பக்கத்தில் களிம்பு டியூப். இதைவிட எளிதாக யாரால் சொல்ல முடியும்? அன்று "புரிஞ்சுதா?" என்று கேட்டதற்கு, இஸ்திரிக் கடையில் வேலை செய்யும் வாலுவின் தாய் மூன்று முறை தலையாட்டினாளே!

"ஏம்மா, களிம்பைத் தொட்டாவது பாத்தீங்களா?"

"சத்தியமா பூசறேன் சிஸ்டர்."

"எங்க, பூசிக் காட்டுங்க பாப்போம்!" கோபத்தில் கேட்டதுதான்.

தாய் மகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார வைத்தாள். "வேணாம்மா, எரியுது!" என்று வாலு காலை உதைத்தாள்.

"அங்க எதுக்கும்மா?"

"நீங்கதானே சூரியன் போட்டிருக்கீங்க? கடைக்கு லேட்டாகி முதலாளிகிட்ட திட்டு வாங்கினாலும் பரவாயில்லன்னு, களிம்பு பூசி அரை மணி நேரம் வெயில்ல வெக்கிறேன்."

"அப்ப நிலா?"

"மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போவேன். மேகம் மூடின அன்னிக்கு மட்டும் பூசல." குரல் இறங்கியது. "கேக்கலாம்னுதான் நெனச்சேன். இதுகூடத் தெரியலையான்னு சிரிப்பீங்களோன்னு..."

நர்சுக்குச் சிரிப்பு வரவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து, தாயின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"காலைல பாப்பாவுக்கு என்ன பண்ணுவீங்க?"

"குளிப்பாட்டுவேன்."

நர்ஸ் வரைந்தாள்: வாளி, துண்டு, களிம்பு. வெயிலில் அல்ல, வீட்டுக்குள்தான் என்று காட்ட அதன் மேல் ஒரு கூரை.

"தூங்கறப்போ?"

"என் மேல ஏறிப் படுத்துக்கும்."

அதையும் வரைந்து, பக்கத்தில் களிம்பு டியூப் போட்டாள். எட்டிப் பார்த்த வாலு, "எங்கம்மா இவ்ளோ குண்டு இல்ல" என்றாள். தாய் அன்றுதான் அங்கே முதல் முறையாகச் சிரித்தாள். பிறகு ஒவ்வொரு படமாகத் தொட்டு, என்ன செய்ய வேண்டும் என்று அவளே சொல்லிக் காட்டினாள்.

அடுத்த வாரம் கழுத்துச் சிவப்பு அடங்கியிருந்தது. கையில் பொருக்கு உதிர்ந்து, புதுத் தோல் தெரிந்தது. வாலு சொறிவதை மறந்து பெஞ்சிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள்.

"வார்டெல்லாம் வேண்டாம். அம்மா இப்பதான் ஒழுங்கா கவனிக்கிறாங்க போல" என்றார் டாக்டர்.

"அவங்க அப்பவும் ஒழுங்காத்தான் கவனிச்சாங்க டாக்டர். நாமதான் ஒழுங்கா சொல்லல. புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டத்தான் செய்வாங்க. செஞ்சு காட்டுங்கன்னு கேக்கணும். தப்பு வந்தா, முதல்ல நாம குடுத்த தாள்லதான் தேடணும்."