ஏழாம் நாளும் எட்டாம் நாளும்

அப்பாவுக்கு இடது கன்னத்தைச் சவரம் செய்து முடித்துவிட்டு வலது கன்னத்தில் பெரியவள் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோது, மீசைப் பக்கம் கையைக் கொண்டுபோகாதே என்று அப்பா கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். மூச்சு விடவே நாலு தலையணை தேவைப்பட்ட மனிதருக்கு மீசையைப் பற்றிய கவலை மட்டும் குறையவில்லை. இன்றோ நாளையோ என்று டாக்டர் முந்தின நாளே கையை விரித்திருந்தார். அதை அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அவராகவே தெரிந்துகொண்டு, பத்து மணி வரைக்கும் தாக்குப்பிடிப்பேன், நீ போய்ச் சட்டையை இஸ்திரி போடு என்று அவளுக்குத் தைரியம் சொன்னார்.

பத்து மணிக்கு ராணுவ ஆவண அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அவருக்காகத்தான் பெரியவள் மூன்று வருஷம் தவம் கிடந்தாள். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அப்பாவை ராணுவத்திலிருந்து அனுப்பியபோது கொடுத்த சான்றிதழில், காரணம் என்ற இடத்தில் 'பணியிலிருந்து ஓடிப்போனவர்' என்று இருந்தது. பெரிய வெள்ளம் வந்த வருஷம் அது. ஆம்புலன்ஸ் ஓட்டுநரான அவரைப் பாலம் கட்டும் பிரிவுக்குப் பதினோரு நாள் வண்டியோடு இரவல் கொடுத்தார்கள். கொடுத்த மேலதிகாரி வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு மறுநாளே மாற்றலாகிப் போய்விட்டார். சொந்தப் பிரிவில் காலையில் பேர் கூப்பிடுகிறவன் பதினோரு நாளும் ஆளைக் காணோம் என்று எழுதினான். அப்பா சேறும் சகதியுமாகத் திரும்பி வந்து சொன்னதை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரியவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் கடிதம் எழுதிப் பிழைக்கிறவள். அவளுக்கே கை ஓய்ந்துவிட்டது. அப்பாவின் பேரைப் போட்டு எழுதியதற்கெல்லாம் ஆவணம் இல்லை என்று ஒரே பதில். ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுக்குப் பொறி தட்டியது. இரவல் போனது ஆள் மட்டுமில்லை, வண்டியும்தானே. ஆளைப் பற்றிய தாளை எலி தின்றாலும் வண்டியைப் பற்றிய தாளைப் பூட்டி வைத்திருப்பார்கள் என்று ஆம்புலன்ஸின் லாக் புக்கைக் கேட்டு எழுதினாள். கிடைத்தது. எங்கே போனது, எத்தனை பேரை ஏற்றியது, யார் ஓட்டியது எல்லாம் பாலப் பிரிவின் கையெழுத்தோடு இருந்தன. இனி பாக்கி ஒன்றுதான். திருத்திய சான்றிதழை அதிகாரி நேரில் வாசிக்க, சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் ஆள் போய்விட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். வாரிசு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். முழங்கால் வலிக்காரர் போலிருக்கிறது, நாற்காலியில் உட்காரவே இரண்டு தவணை எடுத்துக்கொண்டார். அப்பாவின் நிலைமையைப் பார்த்ததும் சம்பிரதாயப் பேச்சையெல்லாம் விட்டுவிட்டு நேரே வாசிக்கத் தொடங்கினார். முந்தைய பதிவு நீக்கப்படுகிறது, மேற்படி ஓட்டுநர் பதினோரு நாளும் தாமே வண்டியை ஓட்டிப் பாராட்டத்தக்க பணி புரிந்தார் என்பது பதிவு செய்யப்படுகிறது. பெரியவள் பேனாவின் மூடியைக் கழற்றி அப்பாவின் விரல்களுக்கிடையில் வைத்தாள்.

அப்பா பேனாவைப் போர்வை மேல் வைத்தார்.

"இல்ல சார். ஒம்பது நாள்தான் நான் ஓட்டினேன். ஏழாம் நாளும் எட்டாம் நாளும் எனக்குக் காய்ச்சல். பின்னாடி ஸ்ட்ரெச்சர்ல கிடந்தேன். நெட்டையன்தான் ஓட்டினான்."

நெட்டையனைப் பெரியவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆம்புலன்ஸில் உதவியாளாக இருந்தவர். அப்பாவோடு சேர்த்து அவரையும் ஓடிப்போனவர் என்று எழுதித்தான் அனுப்பினார்கள். அவர் இறந்து ஆறு வருஷமாகிறது, மனைவி இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். அப்பா மூச்சுக்கு மூச்சு நிறுத்தி மிச்சத்தையும் சொன்னார். நெட்டையனுக்கு ராணுவ வண்டி ஓட்ட அனுமதி கிடையாது. தெரிந்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று லாக் புக்கில் அந்த இரண்டு நாளுக்கும் அப்பாதான் தன் பேரையே எழுதச் சொல்லியிருந்தார். உதவியாளின் பேரை எழுத அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வருஷ சர்வீஸில் கூட்டிப் போடச் சொல்லி வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், குறைக்கச் சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

பெரியவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கிற மனிதரிடம் கோபப்படுகிறோமே என்ற வெட்கமும் கூடவே வந்தது. "மூணு வருஷம்ப்பா. எத்தனை லெட்டர். ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"அந்த புக்கு கிடைக்கும்னு நான் எங்க கண்டேம்மா" என்றார் அப்பா.

முதலில் இதில் கையெழுத்தாகட்டும், அவர் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்று அதிகாரி நயமாகச் சொல்லிப் பார்த்தார். அப்பா தலையை அசைத்தார். "நான் போட்டுட்டா வண்டியில நான் ஒருத்தன்தான் இருந்தேன்னு ஆயிடும். அப்ப அவன் நெசமாவே ஓடிப்போனவன்தானே சார்."

அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பெரியவளைப் பார்த்துப் பேசினார். உடனிருந்தவர் என்ற முறையில் அப்பாவிடம் ஒரு வாக்குமூலம் எழுதிக்கொள்ளலாம். நெட்டையனுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனால் அதை எழுதினால் இந்தச் சான்றிதழ் நிற்காது. வாரிசு மனுவோடு இரண்டு பேருடையதையும் சேர்த்து மறுபடி விசாரிக்க வேண்டும், மாசக் கணக்காகும். அதுவரை பழைய பதிவுதான்.

அதாவது, ஓடிப்போனவர் என்ற பேரோடுதான் அப்பா போவார். பெரியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வலது காதோரம் நுரை கொஞ்சம் காய்ந்திருந்தது. அவர் முகத்தில் கெஞ்சலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. வேலை முடிய வேண்டுமே என்று காத்திருக்கிற ஆளைப் போல இருந்தார். அவள்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையை நினைத்தபோது அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"வாக்குமூலமே எழுதுங்க சார்" என்றாள்.

அரைமணி நேரமாயிற்று. எந்தப் பள்ளத்தில் சக்கரம் சிக்கியது, யாரை எங்கே இறக்கினார்கள் என்பதுவரை அப்பா சொன்னார். நெட்டையன் கியர் போடும்போதெல்லாம் பின்னால் கிடந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டான் என்பதையும் எழுதச் சொன்னார். அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார். பெரியவள் அட்டையைப் பிடித்துக்கொள்ள, அப்பா ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு அதிகாரி எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அப்பா அதைப் பார்க்கவில்லை, அதற்குள் தூங்கிப் போயிருந்தார். மூன்று மணிக்கு, அவர் உதட்டை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

மறுநாள் அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சாயங்காலம் நெட்டையனின் மனைவி வந்தாள். பெரியவள் வாக்குமூலத்தின் நகலை எடுத்து நீட்டினாள். கண்ணாடியை மறந்துவிட்டேன், நீயே படி என்று அவள் சொல்லவும், பெரியவள் மேசையருகே உட்கார்ந்து முதல் நாளிலிருந்து படித்தாள். ஏழாம் நாள் வந்ததும் அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவரா ஓட்டினாரு?"

"ஆமாம் அத்தை."

"ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லைன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்காரு. ஊருக்குப் போகணும்னா எத்தனை தடவை டிரைவருக்கு ஆள் தேடி அலைஞ்சிருக்கோம்." அவள் முகத்தில் கோபம் போல ஒன்று வந்து, சிரிப்பாக மாறி, இரண்டுமில்லாமல் நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவள் படித்து முடித்துத் தாளை மடிக்கப் போனாள்.

"அந்த ரெண்டு நாளை மட்டும் இன்னொரு தடவை படிம்மா. மெதுவா."

பெரியவள் நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.